கருமாதிக்கு வந்த குடும்பஸ்தர்

மலேசியாவில், கிள்ளான் மண்டபம் ஒன்றில் என் தங்கையின் கருமாதிச் சாப்பாட்டில்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். சந்தனக் கலர் சட்டை, படிய வாரிய தலை, பக்கத்தில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். ஒவ்வொரு வாய்க்கும் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வடை கேட்டார்.

“தம்பி, என் தங்கச்சிக்கு நீங்க என்ன உறவு?” என்று கேட்டேன்.

“உறவெல்லாம் இல்ல ஆன்டி. பேப்பர்ல ‘அனைவரும் வருக’ன்னு போட்டிருந்தீங்க. ஞாயித்துக்கெழமை பிள்ளைங்கள மால் கூட்டிட்டுப் போனா கட்டுப்படியாகுமா? இங்க சாப்பாடு, ஏர்கோன் காத்து எல்லாம் ஃப்ரீ லா. போன வாரம் அம்பாங்ல ஒரு வீடு. பாயசம் இவ்வளவு நல்லா இல்ல.”

என் தங்கை செத்தது இவர்களுக்குப் பொழுதுபோக்கா? விரட்டியிருப்பேன். ஆனால் இலையில் உட்கார்ந்தவரை எழுப்பினால் செத்தவளுக்கு ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு வடையை நானே வைத்தேன்.

போகும்போது பிள்ளைகளைத் தங்கையின் படத்தைக் கும்பிடச் சொன்னார். பிறகு என்னிடம், “உங்க வீட்டுலயும் ஏதாச்சும்னா பேப்பர்ல போடுங்க ஆன்டி, வந்துடுறோம்” என்றார்.

அன்றைக்கே மகனிடம், “நான் செத்தா பேப்பர்ல போடாதேடா” என்றேன்.

அவன் பாதி காலியாகக் கிடந்த மண்டபத்தைப் பார்த்தான்.

“போடலன்னா யாரும்மா வருவா?”

அதற்குப் பிறகு அந்த ஆளை வாயாரத் திட்டவும் முடியவில்லை.