ஏணியோடு போன அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். வேலையில் புலி. ஸ்விட்சைத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். தன்னிடம் என்ன கோளாறு என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

கல்யாணமான புதிதிலிருந்தே அவர் ஏணியில் ஏறினால் கீழே பிடித்துக்கொண்டு நிற்பது அக்காதான். டெஸ்டரா, டேப்பா என்று அவர் வாய் திறப்பதற்குள் அது அவர் கைக்குப் போய்விடும். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஜோடியைப் பிரித்தது பாட்டில். ஒரு நாள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்து ஏணியில் ஏறினார். கை நடுங்கி, ஸ்க்ரூடிரைவர் அக்காவின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்போதும் அவள் ஏணியை விடவில்லை. அவர் இறங்கும்வரை பிடித்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"இனிமே நீங்க ஏறுற ஏணிய நான் பிடிக்க மாட்டேன். குடிய விட்டவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாமே, அங்க போய், நான் குடிகாரன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அத்தான் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார். எவன் பிடித்தாலும் ஏணி ஆடுகிறது என்று அவனைத் திட்டினார்.

கடைசியில், ஒரு கிளினிக்கில் வயர் மாற்றப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கூட்டத்தின் நோட்டீஸைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தார். என் போனை வாங்கித்தான் பேசினார். குரலை வேறு மாற்றிக்கொண்டு, "என் ஃபிரெண்டு ஒருத்தன் ரொம்பக் குடிக்கிறான்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றது அந்தப் பக்கம்.

"கூடப் போடா. வாயத் தொறந்தாரான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று அக்கா என்னை ஏவினாள். வாரம் முழுக்கச் செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடிக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்குத் தூக்கம். அதிலும் மண்.

கிளம்பலாம் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தால் மனிதர் தோளில் மடக்கு ஏணியும் கையில் டூல்ஸ் பையுமாக நிற்கிறார்.

"எதுக்கு அத்தான் இது?"

"எவனாவது பாத்தா, வேலைக்கு வந்தேன்னு சொல்லிக்கலாம்ல."

யாருக்கும் தெரியாமல் போகிறாராம்! ஏணியைப் பார்த்துக் கடைத்தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபிளாஸ்கில் டீ, மேலே கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த ஃபேன். பஸ் டிரைவர் ஒருவர் எழுந்து வந்து, "ஃபிரெண்டுக்காகப் பேசினது நீங்கதானா?" என்றார். அத்தான் தலையாட்டினார். டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"வாங்க தம்பி. வந்ததே பெரிய விஷயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். "என்ன இப்படிச் சத்தம் போடுது? தோ, சரி பண்ணிடறேன்" என்று ஸ்விட்சை அணைத்து, ஏணியை விரித்து, மேலே போய்விட்டார். நல்ல அத்தான் வாய்த்தார் எனக்கு!

"நான் குடிக்கிறதே இல்லீங்க" என்றேன்.

வட்டம் முழுக்கத் தலையாட்டியது. "நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றார் டிரைவர்.

"சத்தியமா இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். நர்ஸம்மா ஒருவர் என் கையில் டீயைத் திணித்தார். "மொதல்ல கோவம்தான் வரும். வரட்டும்."

இன்னொருவர் என்னைத் தேற்றுவதற்காகத் தன் கதையைச் சொன்னார். பாட்டிலை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்து, மறந்துபோய்த் துணியோடு சேர்த்துச் சுற்றவிட்டாராம். அந்த வாரம் வீட்டில் எல்லார் சட்டையும் போதையில் இருந்ததாம். அறையே சிரித்தது. ஏணி மேலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. ஃபேன் வேலை எப்போதோ முடிந்திருக்க வேண்டும். அவர் இறங்குவதாக இல்லை.

டிரைவர் என் தோளில் கை வைத்தார். "உங்களால வீட்டுல யாராவது அழுதிருக்காங்களா தம்பி?"

அக்காவின் முகம் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. போச்சு, இனி யார் நம்புவார்கள்?

"அவன விட்டுடுங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. "அவன் சோடா குடிச்சாலே விக்குவான். அந்த ஃபிரெண்டு நான்தான். குடிக்கிறது நான். அழுதது என் பொண்டாட்டி."

சொன்னதுதான் தாமதம், அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஏணியும் கூடவே கிடுகிடுத்தது. டீயைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்தேன். எனக்கு முன்பே டிரைவர் பிடித்திருந்தார். நர்ஸம்மா ஒரு பக்கம், வாஷிங் மெஷின்காரர் ஒரு பக்கம். நாற்காலியில் ஒருவர்கூட இல்லை.

"மெதுவா இறங்குங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் டிரைவர்.

அத்தான் அழுதுகொண்டே படிப்படியாக இறங்கி வந்தார். அதுவரை அக்காவுக்காகத்தான் அந்த மனிதரைச் சகித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கே அவரைப் பிடித்துப்போனது.

வீட்டு வாசலிலேயே அக்கா என்னை மடக்கினாள். "வாயத் தொறந்தாரா?"

"தொறந்தார். ஏணி மேல நின்னுக்கிட்டு."

"ஏணி மேலயா?" அவள் முகம் மாறியது. "கீழ யாருடா பிடிச்சா?"

"அங்க இருந்த அத்தன பேரும்."

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் எங்கள் செருப்புக் கடையில்தான் அவருக்கு வேலை, விளக்கு மாற்றுவது. அத்தான் ஏணியை விரித்துவிட்டு, பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடத் திரும்பினார். அக்கா கீழ்ப்படியில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுங்க" என்றாள்.

அவர் ஏறினார். பாதி தூரம் போனதும் கீழிருந்து சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை இந்த ஏணி வீட்டுலயே இருக்கட்டும். நீங்க வெறுங்கையோட போங்க."