என் வாய்க்குள் ஒரு ஒர்க்‌ஷாப்

எங்கள் வீட்டு அடிபம்பின் கைப்பிடி ஒரு மே மாதக் காலையில் என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. குடம் நிறைந்ததா என்று குனிந்து பார்த்தேன், கைப்பிடி விருட்டென்று எகிறியது, அவ்வளவுதான். ஒரு பல் குடத்துக்குள்ளேயே விழுந்தது. இன்னொன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

எண்பதுகளின் பின்பாதி அது. நாங்கள் திருவெறும்பூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை. மயிரிழை பிசகினாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. நான் டவுனில் ஒரு கான்வென்ட்டில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். வேறு எந்த வகுப்பையும் கொடுக்காதீர்கள் என்று சண்டை போட்டு வாங்கி வைத்திருந்த வகுப்பு. அழுதுகொண்டே வருகிற பிள்ளை ‘அ’ எழுதிவிட்டுச் சிரிக்குமே, அந்தச் சிரிப்புக்கு நான் அடிமை.

பல் போன செய்தி தலைமை ஆசிரியை சிஸ்டருக்கு எப்படியோ எட்டிவிட்டது. கூப்பிட்டனுப்பினார்.

“பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க டீச்சர். சின்னப் பிள்ளைங்க உங்க வாயைப் பாத்துத்தான் எழுத்து கத்துக்குது. ஜூன்ல பல்லோட வாங்க, உங்க கிளாஸ் உங்களுக்குத்தான். இல்லேன்னா இந்த வருஷம் லைப்ரரியைப் பாத்துக்கங்க.”

லைப்ரரியாம்! ரெண்டு பீரோவும் ஒரு ஸ்டூலும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில், பூக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். நானும் வீட்டுக்காரரும் பஸ் பிடித்துப் போனோம். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார்.

“மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, கழட்டி மாட்டற ப்ளேட். பத்து நாள்ல ஆயிடும். ரெண்டாவது பிரிட்ஜ். பக்கத்துப் பல்லு ரெண்டையும் ராவி, அதுக்கு மேல தொப்பி மாதிரி மாட்டி ஒட்டிடறது.”

“நல்லா இருக்கற பல்லை எதுக்குங்க ராவணும்?” என்றார் என் வீட்டுக்காரர். தன் மெஷினை யாரோ தொடப்போன மாதிரி கோபம்.

“அதுக்குத்தான் மூணாவது ஒண்ணு புதுசா வந்திருக்கு. தாடை எலும்புல துளை போட்டு டைட்டானியம் ஸ்க்ரூவை இறக்கிடறா. எலும்பு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்க மாசக்கணக்கா ஆகும். அப்புறம் அதும்மேல பல்லு. மெட்ராஸ்ல ஒருத்தர் பண்றார்னு கேள்வி. நேக்குப் பண்ணத் தெரியாது.”

டைட்டானியம் என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த வெளிச்சம் எங்கள் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

“த்ரெட்டு என்ன பிட்ச்சுங்க டாக்டர்?”

ஸ்க்ரூவின் மரை எவ்வளவு நெருக்கம் என்று கேட்கிறாராம். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று பேர்தான், ஆனால் மூன்று டிபார்ட்மெண்ட். பஜ்ஜியைத் தின்றுகொண்டு, சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் என் தாடையைப் படம் போட்டார்கள். ஸ்க்ரூ நாளடைவில் அதிர்ந்து லூஸாகும் என்றார் வெல்டர். அடியில் லாக் நட் போட்டால் லூஸாகாது என்றார் ஃபிட்டர். முறுக்கு கடித்தால் எவ்வளவு லோடு வரும் என்று கேட்டார் இன்ஸ்பெக்‌ஷன்காரர். அத்தோடு நிற்காமல் டார்ச்சை எடுத்தாரே பார்க்கணும்.

“தங்கச்சி, கொஞ்சம் வாயைத் தொறம்மா.”

“திறந்தா நல்லா இருக்காதுண்ணே,” என்றேன். டார்ச் அணைந்தது.

பேச்சு முடியும்வரை எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஜூன் மாதம் என் வகுப்பு. அதற்காகத் தனியாகவே ஸ்ரீரங்கம் போய் டாக்டரிடம் எல்லாம் கேட்டேன். ஸ்க்ரூ வைக்க எலும்பு கனமாக இருக்கணும், சர்க்கரை இருக்கக்கூடாது, ரெண்டு தடவை கத்தி வைக்கணும், எலும்பு பிடிக்காமலும் போகலாம் என்றார். அதுவரைக்கும் எப்படியும் ப்ளேட்தான் மாட்டிக்கொள்ளணுமாம்.

“அவசரம் இல்லேன்னா யோசிக்கலாம்மா.”

“அவசரம் டாக்டர். ப்ளேட்டே போடுங்க,” என்றேன்.

ப்ளேட் வந்தது. பார்க்க அழகு. ஆனால் ஒரு பக்கம் ஈறை அழுத்தியது. ரெண்டு நாள் பொறுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டியிருக்கலாம். வீட்டில் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

“எங்கேயோ ஒரு பாயிண்ட் தூக்கியிருக்கு. ஒரு நிமிஷ வேலை,” என்றார் என் வீட்டுக்காரர்.

டூல் ரூமில் இரண்டு இரும்புப் பரப்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க மை மாதிரி ஒரு நீல மசையைத் தடவி ஒன்றின்மேல் ஒன்றை வைப்பார்கள். நீலம் எங்கே ஒட்டுகிறதோ அங்கே மேடு, அதை ராவுவார்கள். அந்த மசையை என் ப்ளேட்டில் தடவி என் வாயில் மாட்டினார். நானும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, எனக்கு எங்கே போயிற்று புத்தி! கண்ணாடியில் பார்த்தால் ஈறு, நாக்கு, உதடு எல்லாம் நீலம். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மறுநாள் ப்ளேட்டைக் கைக்குட்டையில் சுற்றி வேலைக்குக் கொண்டுபோய், ராவிப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தார். பளபளவென்று மின்னியது. ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போது மாட்டிக்கொண்டு, “எப்படிங்க இருக்கு?” என்றேன். ப்ளேட் நேராக ரசத்தில் போய் விழுந்தது.

மறுநாள் ஸ்கூல் திறப்பு. ராவினதில் ப்ளேட்டுக்குப் பிடியே போய்விட்டது, புதிதாகச் செய்யப் பத்து நாள் ஆகும்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனேன். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

“இன்னைக்கு மட்டும் பாத்துக்கங்க. நாளைக்கு வேற ஏற்பாடு பண்றேன்.”

வகுப்பில் வழக்கம்போல அழுகை. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கூரை பிய்ந்துவிடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். அவள் முன் மண்டிபோட்டு, “எதுக்குடா தங்கம் அழுவுற?” என்றேன். முந்தானை நழுவியது. அவள் அழுகை சட்டென்று நின்றது.

“டீச்சர், ஒங்களுக்கும் விழுந்துடுச்சா?”

அவள் வாயைத் திறந்து காட்டினாள். கீழே ஒன்று காலி.

“சாணியில உருட்டிக் கூரை மேல போட்டீங்களா?”

“இல்லையேம்மா.”

“ஐயையோ! அப்பறம் எப்படி டீச்சர் மொளைக்கும்?”

வகுப்பே என்னைச் சுற்றிக்கொண்டது. ஆடுகிற பல், விழுந்த பல், அண்ணன் குத்தி விழுந்த பல். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். வாசலில் சிஸ்டர் எவ்வளவு நேரமாக நின்றாரோ, நான் நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

“லைப்ரரிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன் டீச்சர்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் குற்றவாளி மாதிரி வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, “மெட்ராஸே போயிடலாம்மா. ஸ்க்ரூன்னா நான் கழட்டி எடுத்துட்டுப் போக முடியாதுல்ல,” என்றார். பாவமாக இருந்தது.

“ஸ்க்ரூவை வெச்சுட்டு நீங்க ஸ்பானரை வீட்டுக்குக் கொண்டாராம இருப்பீங்களா? ப்ளேட்டே போதும். ஆனா அதை நீங்க கண்ணால பாக்கலாம், கையால தொடக்கூடாது,” என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் பிரேயர் மணிக்கு முன்பே அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். மூடின கையைத் திறந்தாள். அரிசி போல ஒரு பால்பல்.

“நேத்து ராத்திரி இன்னொண்ணு விழுந்துச்சு டீச்சர். கூரையில போடாம எடுத்துட்டு வந்தேன். நீங்க போடுங்க, ஒங்களுக்கு மொளைக்கட்டும்.”

அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். “அப்ப ஒனக்கு?” என்றேன்.

“எனக்கு இன்னும் நெறைய ஆடுது டீச்சர்.”