வாட்சைக் கழற்றி வைப்பவர்

தாம்பரத்தில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் லேப்டாப்போடு கூடுவார்கள். மின்சார ரயில் நேரம் சொல்லும் இலவச ஆப் ஒன்றைச் சம்பளமில்லாமல் பராமரித்தார்கள். அதன் நிரலில் யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அங்கிருந்த ஓர் அக்கா படித்து ஒப்புக்கொண்டால்தான் சேரும்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, வாட்சைக் கழற்றிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அவர் அடுத்தவர் எழுதியதைப் படிப்பார்.

அந்த ஞாயிறு அவர் முன் இருந்தது நான் அனுப்பிய முதல் திருத்தம். ‘சிங்கப்பெருமாள் கோவில்’ என்ற பெயர் திரையில் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அதைச் சரிசெய்த ஜோரில், கண்ணில் பட்ட மற்ற வரிகளையெல்லாம் அழகாக மாற்றி எழுதி அனுப்பியிருந்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, ஒழுகுற குழாயை சரி பண்ணத்தானே வந்தீங்க? ஏன் வீடு பூரா பெயின்ட் அடிச்சிருக்கீங்க?”

“நல்லாத்தானேக்கா இருக்கு?”

“இருக்கலாம். நாளைக்கு ரயில் நேரம் தப்பாக் காட்டினா, எதனாலன்னு நான் எங்க போய்த் தேடுறது?”

சுருக்கென்றது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, ஊர்ப்பெயரை மட்டும் திருத்தி அனுப்பினேன். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

“சேர்த்தாச்சு.”

பிறகு வாட்சைக் கட்டிக்கொண்டு வேறொரு பக்கத்தைத் திறந்தார். வெளிநாட்டில் யாரோ நடத்தும் பெரிய மென்பொருளுக்கு அவரே அனுப்பிய திருத்தம்.

“பதில் வந்துச்சாக்கா?”

“போன மழைக்காலத்துலயே அனுப்பினேன். இன்னும் யாரும் தொறந்தே பாக்கல.”

சொல்லிவிட்டு மணி பார்த்தார். அந்தப் பக்கம் வாட்சைக் கழற்றி வைக்க யாராவது இருக்கிறார்களா என்று இன்றும் யோசிக்கிறேன்.