ஜப்பார் வீட்டுப் புதினா

தோல் மண்டியில் என்னோடு வேலை பார்க்கும் ஜப்பார் வீட்டுக்குக் கரண்ட் போன மாதமே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால், ஜன்னலே இல்லாத அறையில், பல்புக்குக் கீழே தொட்டி வைத்துப் புதினா வளர்க்கிறான்! பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வெயிலே வாணாம் தோஸ்த், லைட்டு இருந்தா போதும்" என்கிறான்.

எனக்கும் ரோஷம் வந்தது. எங்கள் உள்ளறையில் ஒரு புதினாத் தொட்டியை வைத்து, அதன் மேலே அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரி. கழுவினால் போய்விடும் என்று இருந்தேன்.

இன்று மத்தியானம் சோற்றோடு புதினாத் துவையல். அப்படி ஒரு ருசி! இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பெருமையாக மனைவியிடம் கேட்டேன்.

"நம்ம தொட்டிதானே?"

"அய்ய, அது மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குதுன்னு காலைலயே தூக்கிப் போட்டுட்டேன். இது ஜப்பார் பாய் வீட்லர்ந்து வந்தது. அவங்களுக்கு ஜாஸ்தியாம்."

உங்களில் யார் வீட்டுக்காவது கரண்ட் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். செடி வளர்க்கிறீர்களா என்பதை மட்டும் எழுதாதீர்கள்.