சுத்தியலும் கவ்வாத்துக் கத்தியும்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. கருமாதிக்கு அச்சடித்த துண்டுக் காகிதத்தில் அவருடைய ஊர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாலு வரி எழுதி, ‘அமைதியான வாழ்வு வாழ்ந்தவர்’ என்று முடித்திருந்தோம். எழுதியவள் நான்தான். அது சரியில்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இந்த முறையாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

அப்பா பிறந்தது நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், வரிசையாகப் பத்து ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட லயத்தின் கடைசிக் காம்பராவில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்புறம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற வாழ்க்கைதான். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி விடுகிற கவ்வாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்வாராம். அந்த வேலைக்கென்றே வளைந்த, கனமான கத்தி ஒன்று உண்டு. அப்பாவின் வலது உள்ளங்கை கடைசிவரை அந்தப் பிடியின் அளவிலேயே வளைந்து கிடந்தது. சோறு பிசையும்போதுகூட முழுதாக விரியாது.

படம் வரைய அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோவில் திருவிழாவுக்குத் தட்டியில் மயில் வரைந்தவர், வாலிப வயதில் கட்சிக்குப் போனதும் சுவரில் சுத்தியலும் அரிவாளும் வரைந்தார். சீமெந்துத் தரைக்குப் போடும் சிவப்புத் தூளைக் குழைத்து, லயத்துச் சுவரிலேயே வரைந்திருக்கிறார். தோட்டத்துத் துரை ஆள் அனுப்பிச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். ஒரு மழைக் காலம் போனதும் சுண்ணாம்புக்குள்ளிருந்து சிவப்பு மறுபடி கசிந்து வந்ததாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கதைக்கு மட்டும்தான்.

வருடா வருடம் மே தின ஊர்வலத்தில் முன்னால் போகிற பெரிய பதாகைச் சீலை அப்பா வரைந்ததுதான். முட்டி மடக்கிய கை, உடைகிற சங்கிலி, உதிக்கிற சூரியன், ஐந்து முனை நட்சத்திரம். எங்கள் காம்பராவில் அந்தச் சீலையை முழுதாக விரிக்க இடம் கிடையாது. பாதியை விரித்து வரைந்து, சுருட்டி, மறுபாதியை விரிப்பார். நாங்கள் சுருட்டின பாதிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவோம்.

ஒரு வருடம், அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தபோது, அவருக்கு ஒரு யோசனை வந்தது. அரிவாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கவ்வாத்துக் கத்தியை வரைந்தார். ஃபெக்டரிக்காரர்களுக்குச் சுத்தியல், மலையில் நிற்கிறவர்களுக்குக் கத்தி. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “கத்தி புடிக்கிறது ஆம்பளைங்க. கொழுந்து எடுக்கிற நாங்க எங்க நிக்கிறோம் இதுல?” என்று கேட்டார்கள். அப்பா யோசித்து, சுற்றிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து மாலை ஒன்று போட்டார். “இப்ப சரி,” என்றார்கள் அம்மா.

ஹட்டனில் ஊர்வலம் புறப்படும் முன்னால் சீலையை விரித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எங்கள் பகுதித் தலைவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தலைவர் முகம் கறுத்துவிட்டது. நான் அப்போது கலியாணமாகாத பெண். அப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன்.

“என்ன தோழர் இது? சின்னத்தோட வெளையாடலாமா? உலகம் பூரா ஒரே சின்னம். அத மாத்த நீங்க யாரு?”

“உலகம் பூரா வயல் இருக்கலாம் தோழர். நம்ம மலையில வயல் எங்க இருக்கு? அரிவாள இங்க யாரு தொட்டிருக்கா?”

“சுருட்டுங்க அத,” என்றார் தலைவர்.

சுருட்டி லொறியில் போட்டார்கள். அப்பா ஊர்வலத்தின் கடைசி வரிசையில் வெறுங்கையோடு நடந்தார். அப்புறம் காரியாலயத்தில் கூட்டம் போட்டு, வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். அப்பா எழுதவில்லை. அவரைக் கட்சியிலிருந்து நீக்கவும் இல்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பா காத்திருந்தார். என்றைக்காவது ஒரு நாள் அவர்களில் யாராவது வாசலில் வந்து நின்று, ‘தோழர், வாங்க’ என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மே தினத்தன்று விடியற்காலையில் குளித்து, சவரம் செய்து, சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார். அம்மா சோறு போடுவார்கள்.

அம்மா போன பிறகு அப்பாவை மஸ்கெலியாவுக்கு எங்களோடு கூட்டி வந்துவிட்டேன். கீழே எங்கள் துணிக்கடை, மேலே வீடு. என் மாமியார் நல்லவர்கள். அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் லயத்தில் காலை எடுத்து வெளியே வைத்தால் பேச ஆள் இருக்கும். இங்கே எங்களுக்கு வியாபாரம். பிள்ளைகளுக்குப் படிப்பு, போன். அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாளில் அவர் குரலையே நான் கேட்டதில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை என்பதே மறுநாள்தான் எனக்கு உறைக்கும்.

முதல் வருட மே தினத்தில் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மாமியார் கேட்டார்கள்: “என்ன சம்பந்தி, எங்கயாச்சும் கலியாணமா?”

“ஆமாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் இன்னும் வந்து கூப்பிடல,” என்றார் அப்பா.

மாமியார் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

இத்தனைக்கும் அப்பா வரைந்த சங்கதிகளெல்லாம் பஜாரில் எங்கே பார்த்தாலும் இருந்தன. நட்சத்திரத் தொப்பி போட்ட புரட்சிக்காரரின் முகம் சலூன் கண்ணாடியில் இருந்தது. பட போஸ்டரில் கதாநாயகன் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு முட்டியைத் தூக்கினான். எங்கள் கடைக்கே கொழும்பிலிருந்து அந்த முகம் போட்ட டீசேர்ட் கட்டுக் கட்டாக வந்து, தீபாவளிக்கு முன் தீர்ந்துபோனது. அப்பா சந்தோஷப்படுவார் என்று அவருக்கும் ஒன்று கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இவரு செத்தது இப்பிடி சோப்புப் போட்டுத் தொவைக்கிறதுக்கா?” என்றார். ஆனாலும் குளிர் காலம் முழுக்க உள்ளே அதைத்தான் போட்டிருந்தார்.

கடைக்கு எதிரே நிற்கும் முச்சக்கரவண்டியின் முதுகிலும் அதே முகம். வண்டிக்காரத் தம்பி தானே வெட்டி ஒட்டியது. அப்பா ஒரு நாள் மெல்ல இறங்கிப் போய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“இது யாரு தம்பி?”

“தெரியாதுங்க ஐயா. கெத்தா இருந்துச்சு, ஒட்டினேன்.”

“நட்சத்திரத்துக்கு ஆறு முனை வச்சிருக்கியே. அஞ்சுதான் இருக்கணும். ஆறு முனை முருகனோடது.”

தம்பி தலையைச் சொறிந்தார். “இருந்துட்டுப் போகட்டுங்க ஐயா. ரெண்டு பேருமா சேந்து காப்பாத்தட்டும்.”

அன்றிலிருந்து அப்பாவுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்தார். சவாரி இல்லாத நேரத்தில் அந்தத் தம்பியோடு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கடைக்கு வந்தார். சேலை எடுக்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். கட்சியில் இப்போது இருக்கிற இளம் ஆட்களில் ஒருவர். அவருடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். கையில் ஒரு பழைய போட்டோ வைத்திருந்தார். அப்பாவின் சீலையை ஹட்டனில் விரித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரோ பிடித்தது.

“அக்கா, இது ஐயா வரைஞ்சதுதானே? இந்த வருசம் இதத்தான் முன்னால கொண்டு போறோம். அன்னைக்கு நடந்தது தப்புனு கூட்டத்துலயே பேசிட்டோம். ஐயா வரணும், அவர் கையாலயே புடிக்கணும். நாங்க வாகனம் கொண்டாந்து கூட்டிட்டுப் போறோம்.”

அப்பா மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று படி. நான் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். “அப்பாவுக்கு முடியலைம்மா. எங்கயும் வர ஏலாது,” என்றேன்.

டொக்டர் அலையக் கூடாது என்று சொல்லியிருந்தது உண்மை. ஆனால் அதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தேர்தல் நேரத்தில் சிவப்புக்காரர் வீடு என்று சொல்லி எங்கள் கடைக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். மறுபடி அந்தப் பெயர் வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். அதைவிட, அப்பா ஒரு வழியாக அடங்கி உட்கார்ந்திருக்கிறார், அப்படியே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். என் கணவருக்கோ மாமியாருக்கோ இதில் பங்கில்லை. அவர்களுக்கும் இந்த மலரில்தான் இது தெரியப்போகிறது.

“அப்ப படத்த மட்டும் போட்டுக்கலாமானு ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க அக்கா,” என்றார் அந்தப் பிள்ளை.

“கேக்க வேணாம், போட்டுக்கங்க,” என்றேன். அப்பாவின் சம்மதத்தையும் நானே கொடுத்தேன்.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாட்கள் போயின. மே தினத்தன்று அப்பா சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பதினொரு மணி போல வண்டிக்காரத் தம்பி படியேறி ஓடி வந்தார். “ஐயா, ஐயா, நீங்க சொல்வீங்களே, அந்தக் கத்திப் படம்! ஹட்டன்ல முன்னால போகுது பாருங்க!” என்று போனில் ஓடும் வீடியோவைக் காட்டினார்.

அப்பா போனை இரண்டு கையாலும் வாங்கினார். சுத்தியல், கவ்வாத்துக் கத்தி, சுற்றிலும் அம்மாவுக்காகப் போட்ட கொழுந்து மாலை. சீலையைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். முடிந்ததும் மறுபடி ஓட விடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “படத்தக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஆள மறந்துட்டாங்க,” என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், “சாப்பிட வாங்கப்பா” என்றுதான் வந்தது. அப்பா எழுந்து சட்டையைக் கழற்றி மடித்தார்.

அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. வண்டிக்காரத் தம்பி மேலே வந்தாலும் அப்பா இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, ஒரு காலைப் பொழுதில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அப்பாவின் மூச்சு நின்றது. அவர் தலை என் மடியில் இருந்தது. அந்தத் தம்பிதான் வண்டியை ஓட்டினார்.

இறுதிச் சடங்குக்கு அந்தப் பெண்பிள்ளையும் வந்திருந்தார், நாலைந்து பேரோடு. “கொடி போத்தலாமா அக்கா?” என்று கேட்டார். போர்த்தச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயாவுக்கு முடியலன்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. இல்லாட்டி தோள்ல தூக்கிட்டே போயிருப்போம்,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அப்பாவைத் தங்கள் வீட்டு ஆளாக வைத்துப் பார்த்த என் மாமியாருக்கும் கணவருக்கும், கடைசி வழி வரை கூட வந்த வண்டிக்காரத் தம்பிக்கும், தோட்டத்திலிருந்து மழையில் நடந்து வந்து பாடை தூக்கிய லயத்து உறவுகளுக்கும், இந்த ஒரு வருடமாக என்னை விசாரித்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோர்வூட்டிலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மன்னிப்புத்தான் கேட்க வேண்டும், கேட்கிறேன். மே தினம் மறுபடி வந்து போய்விட்டது. ஜன்னலோரத்து நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. கடை மூடிய பிறகு நான் மட்டும் அதன் முன்னால் நின்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா, அவங்க உங்கள மறக்கல. கூப்பிட வந்தாங்கப்பா. நான்தான் சொல்லல.