ஸ்டோர் அக்காவின் டெல்லூரிய மூச்சு

ஸ்டோர் அக்கா இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரி வேதியியல் கூடத்தின் பொருளறையில் வேலை பார்க்கிறாள். முதல்வர் முதல் தோட்டக்காரர்வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் எந்தக் குப்பி வெயில் தாங்காது, எது தண்ணீரைக் கண்டால் சீறும் என்பதெல்லாம் அத்துப்படி.

ஒருநாள் அறையின் இரும்பு அலமாரி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. வெல்டரான சொந்தத் தம்பியையே வரச்சொன்னாள். வேலை முடிந்ததும் அவன் கண் மேல்தட்டில் இருந்த ஒரு குப்பியில் விழுந்தது. உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, வெள்ளி மாதிரி மின்னியது.

"டெல்லூரியம். உலோகமில்லடா, உலோகப்போலி," என்றாள் அக்கா.

பதினெட்டு வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவனுக்கு அது பொறுக்கவில்லை.

"இவ்வளவு பளபளன்னு இருக்கு, போலியா? ஒரு தட்டு தட்டினா தெரிஞ்சிடும்."

உலோகமென்றால் அடிக்க அடிக்கத் தகடாகும் என்பது அவன் கட்சி. அக்கா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கட்டி குப்பியிலிருந்து தரைக்கு வந்து, சுத்தியலும் இறங்கிவிட்டது. கட்டி தகடாகவில்லை, சுக்குநூறாகி, சாம்பல்நிறத் தூளாகப் பறந்தது. இருவரும் தும்மித் தும்மி அதைக் கூட்டி அள்ளினார்கள்.

மறுநாள் காலை அக்கா வாயைத் திறந்ததும் அவள் கணவர் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளினார். தூக்கத்தில் எழுந்து பூண்டு தின்றாயா என்று கேட்டார். இரண்டு தடவை பல் தேய்த்தும், ஏலக்காய் மென்றும் பலனில்லை. தம்பி வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பூண்டைக் கண்டாலே தட்டோரம் ஒதுக்குகிறவன் அவன். நான் சமைத்தால் ஒதுக்குவது, வேறெங்கோ போய் வழித்துத் தின்பதா என்று மனைவி மடக்கினாள். பட்டறையிலோ, முகமூடிக்குள் அவன் விட்ட மூச்சு போக வழியில்லாமல் அவனிடமே திரும்பி வந்தது.

இருவரும் வேதியியல் ஆசிரியையிடம் போய் நின்றார்கள். அவர் முதலில் திட்டினார். பிறகு சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு விளக்கினார்.

"டெல்லூரியம் அணுவோட கடைசிக் கூட்டுல ஆறு எலக்ட்ரான். கந்தகத்துக்கும் அதே ஆறுதான், ரெண்டும் ஒரே குடும்பம். பூண்டு வாசனையே கந்தகத்தால வர்றது. இப்ப உங்க உடம்பு இந்தத் தூள்மேல கார்பனை ஒட்டி, ஆவியாக்கி, மூச்சு வழியா வெளிய தள்ளுது."

"எத்தனை நாளைக்குத் தள்ளும்?" என்றான் தம்பி.

"வாரக்கணக்கா. சில பேருக்கு மாசக்கணக்கா."

கட்டி உடைந்துபோனதுகூட அதன் குணம்தான் என்றார். உலோக அணுக்கள் அடி விழுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விட்டுக்கொடுக்கும். இது விட்டுக்கொடுக்காது, உடைந்துபோகும். மின்சாரத்தைக் கடத்துவதும் அரைமனதாகத்தான். தம்பிக்கு மாமனார் ஞாபகம் வந்தது. விஷயத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிப்போய் மனைவியிடம் காட்டினான். அவள் படித்தாள், வாய்விட்டுச் சிரித்தாள், தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மருத்துவரும் சோதித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று கதவருகே நின்றபடி சொன்னார்.

அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியிருந்தால் இவ்வளவு தூள் உள்ளே போயிருக்காது என்று ஆசிரியை சொன்னது மட்டும் அக்காவைக் குடைந்தது. அது பழுதாகி ஆறு வருடம். பதினோரு மனு போட்டும் பதிலில்லை. நேரில் போய்ப் பேசக் கூச்சம். இந்தத் தடவை போனாள். முதல்வருடையது ஏசி அறை, சன்னலெல்லாம் மூடியிருந்தன. எதிரே உட்கார்ந்து, ஃபேன் நின்றுபோன நாளிலிருந்து நிதானமாக ஆரம்பித்தாள். முதல்வர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனவர் திரும்ப எடுக்கவில்லை. மூன்றாவது மனுவைச் சொல்லும்போதே பேனாவைத் தேடினார்.

"இன்னும் எட்டு மனு இருக்குங்க ஐயா."

"எல்லாத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க கிளம்புங்கக்கா."

அந்த வாரமே புது ஃபேன் வந்தது. தம்பிக்கு ஐந்தாவது வாரம் மூச்சு சரியானது. அக்காவுக்கு மேலும் இரண்டு வாரம் பிடித்தது. அந்த நாட்களை அவள் வீணாக்கவில்லை. கையுறைக்காக ஒருமுறை, உடைந்த நாற்காலிக்காக ஒருமுறை என்று முதல்வரைப் பார்த்துவிட்டு வந்தாள்.