உளுந்து மேல் ஓடிய கார்

எங்கள் மாமா கார் துடைக்கும்போது பக்கத்தில் யாரும் வாசல் கூட்டக் கூடாது, அரிசி புடைக்கக் கூடாது, வைக்கோலை உதறக் கூடாது. தூசி பறந்து காரில் பூசிய மெழுகில் ஒட்டிக்கொள்ளுமாம். ஊரே புழுதியில் கிடக்கும் பங்குனி மாதத்தில் இப்படியொரு சட்டம் எந்த வீட்டில் செல்லும்? எங்கள் வீட்டில் செல்லுபடியானது. தம்பி என்பதால் அம்மா பொறுத்துக்கொண்டாள். மைத்துனன் என்பதால் அப்பா தினமும் முணுமுணுத்தார். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அந்தக் காரைவிட அழகான பொருள் உலகத்திலேயே இல்லை என்பது என் முடிவு.

மாமா துபாயில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாடு போனவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் பூப்போட்ட கம்பளியும் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. மாமாவின் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்டீயரிங்கும் மெழுகு டப்பாக்களும் இருந்தன. ஸ்டீயரிங் வந்துவிட்டது, கார் எங்கே என்று அப்பா கேட்டார். கார் அதற்கப்புறம்தான் வந்தது. மெட்ராஸில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போன கான்டெசா. பட்டுக்கோட்டை சாலையில் புதிதாகத் தொடங்கியிருந்த தன் பட்டறையில் அதை நிறுத்தி, நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டார் மாமா.

பிரித்தது மறுபடி ஒன்றாகச் சேர ஒரு வருஷம் ஆயிற்று. உள்ளே ஜப்பான் எஞ்சின் போனது. அகலமான டயர்கள் வந்தன. சைலன்சர் என் கை முழுக்க நுழையும் அளவுக்குப் பெரிதானது. அதன் சத்தம் கேட்டால், மாமா மாதா கோவில் பூசைக்குக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்து மற்றவர்கள் தலை வாரத் தொடங்குவார்கள். கடைசியாக நாலு பக்கமும் கட்டையான ஸ்பிரிங் போட்டு, வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தினார். தாழ்ந்திருந்தால்தான் வளைவில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்றார். எங்கள் ஊர் ரோட்டில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டார். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் சைலன்சரையும் சக்கரங்களையும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்தார். காரில் இருந்து எடுத்த எதையும் எறிய அவருக்கு மனசு வராது.

அவருக்கு ஒரு கூட்டமும் சேர்ந்தது. கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர் வெள்ளைக் காரில் வருவார். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சாமான் அனுப்புவதால் அவருக்கு அங்கே தனி மரியாதை. திருச்சியிலிருந்து இரண்டு பேர், தஞ்சாவூரிலிருந்து ஒரு நகைக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை புது ஆற்றங்கரையில் கார்களை வரிசையாக நிறுத்தி, ஒரு பானெட்டைத் திறந்து, எல்லாரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார்கள். கோவிலில் சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டும்போதுகூட இவர்கள் இவ்வளவு பக்தியாகக் குனிவதில்லை என்று அத்தை சொல்வாள்.

அத்தை அப்பாவின் தங்கை. நர்ஸ் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவளை எப்படியாவது குவைத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா ஏஜென்ட் ஏஜென்டாக அலைந்தார். அவள் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். என்னென்ன சரியாகும் என்பது நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது: ஒழுகுகிற ஓடு, ஆற்றுத் தண்ணீர் வராத வருஷத்துக்கு ஒரு போர்வெல், என் படிப்பு, இன்னும் பிறக்காத என் தம்பியின் படிப்பு.

அம்மாவுக்கு வேறொரு ஆசை இருந்தது. நாத்தனாரைத் தம்பிக்குக் கட்டிவைத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் பேச்சை எடுத்தாள். காரைக் கட்டிக்கொண்டவனுக்கு இன்னொரு பெண் எதற்கு என்று அப்பா பேச்சை முடித்தார். அத்தை அப்போது அடுப்படியில்தான் இருந்தாள். அதன்பிறகும் மாமா கார் கழுவத் தண்ணீர் கேட்டால், நான் வாளியைத் தூக்குவதற்குள் அத்தை தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கு வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பார்கள். பங்குனியில் செடியைப் பிடுங்கி வந்து தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி இறங்கினால் காய் வெடித்து உளுந்து தனியாக உதிர்ந்துவிடும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஊருக்கெல்லாம் வசதி. மாமாவுக்குத்தான் ஆபத்து. தாழ்ந்த காரின் வயிற்றில் செடி சிக்கிக்கொள்ளும், சூட்டுச் சைலன்சரில் பட்டால் புகைந்தாலும் புகையும். அதனால் உளுந்தைக் கண்டதும் அவர் இறங்கி, செடியை ஓரமாக ஒதுக்கி, காரைக் கடத்தி, திரும்பி வந்து பழையபடி பரப்பிவிட்டுப் போவார். வண்டி ஏறட்டும் என்றுதானே போட்டிருக்கிறோம், இவர் என்ன ஒதுக்கிவிட்டுப் போகிறார் என்று உளுந்துக்காரப் பெண்கள் சிரிப்பார்கள்.

குவைத்துக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுக்க அத்தையைத் திருச்சிக்குக் கூட்டிப் போனதும் மாமாதான். வயசுப் பெண்ணும் ஆணும் தனியாகப் போகக் கூடாது என்பதற்காக, நாலாம் வகுப்புப் படிக்கும் என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். நேரமாகிவிட்டது என்று மாமா அன்று இறங்காமல் உளுந்து மேலேயே ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்து கார் நின்றது. கயிறு திரித்தது போல் செடி அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா ஓர் அரிவாளை இரவல் வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து காருக்கடியில் போனார். காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தது.

நானும் அத்தையும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். உளுந்துக்காரப் பெண்கள் வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தார்கள். அத்தை அந்தக் கால்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மணி என்ன ஆயிற்று என்று காருக்கடியிலிருந்து மாமா கேட்டார். அத்தை கையில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

"இருக்கு, இருக்கு. பொறுமையா எடுங்க" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டெஸ்ட் எடுக்கிற இடத்தைப் பூட்டிவிட்டார்கள். வேறொரு நாள் அப்பாவே பஸ்ஸில் கூட்டிப் போய் முடித்துக்கொண்டு வந்தார். அன்று மாமாவை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். உரக்கப் பேசவில்லை. "உன் விளையாட்ட உன் காரோட வச்சுக்க. அவ வாழ்க்கையில வேணாம்" என்றார். மாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதன்பிறகு பல நாள் அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

விசா வந்தது. திருச்சியில் ஏறி, கொழும்பில் மாறி, குவைத். டிக்கெட்டை ஏஜென்டிடம் கையோடு வாங்க வேண்டும் என்று அப்பா முதல் நாளே திருச்சிக்குக் கிளம்பினார். அம்மா பிள்ளைத்தாய்ச்சி, வர முடியாது. அத்தைக்கு ஒரு டாக்ஸி பேசிவிட்டுப் போகிறேன் என்றார் அப்பா. ஊரில் அம்பாசிடருக்கா பஞ்சம்?

"டாக்ஸி வேணாண்ணே. அவங்க கார்லயே போறேன்" என்றாள் அத்தை.

அப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அன்றைக்குப் பட்டது போதாதா, ரோடு முழுக்க உளுந்து கிடக்கிறதே, விமானம் உனக்காகக் காத்திருக்குமா என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, போனால் அந்தக் காரில்தான் போவேன் என்றாள். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாதவள். கடைசியில் அப்பாவே தணிந்து, பட்டறைக்குப் போய் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னார். அத்தைக்கும் அந்தக் கார் பிடித்துவிட்டது, எவ்வளவு நல்ல ரசனை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை சைலன்சர் சத்தமே இல்லாமல் கார் வாசலில் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய ஸ்பிரிங், பழைய மெலிந்த சக்கரங்கள், பழைய சைலன்சர், எல்லாம் திரும்ப ஏறியிருந்தன. வாய்க்காலைக் கடக்கப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்ட பெரியம்மா மாதிரி நின்றது என் கார். கூட வந்திருந்த கூத்தாநல்லூர்க்காரர் எதையோ பறிகொடுத்தவர்போல் திகைத்து நின்றார். "ஒரு வருஷ வேலைய ஒரு ராத்திரில அவுத்துட்டான், கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான்" என்று அம்மாவிடம் முறையிட்டார்.

அத்தை புதுப் புடவையில் வெளியே வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள். காரைப் பார்த்தாள். கீழே தெரிந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"ஏன் தூக்கிட்டீங்க?"

"உளுந்து சிக்காது. நேரத்துக்குப் போய்ச் சேரணும்ல" என்றார் மாமா. கண் சிவந்திருந்தது, ஆனாலும் வேலை முடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

அம்மாவைக் கட்டிக்கொண்டு அத்தை அழுதது எல்லாப் பெண்களும் அழுகிற அழுகைதான் என்று நினைத்தேன். நான் முன்சீட்டில் ஏறினேன். அத்தை பின்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். மெதுவாகவே போங்கள் என்று ஒரு தரம் சொன்னாள். மாமா மெதுவாகத்தான் போனார். அவர் போல் ஒழுங்காகக் கார் ஓட்டுகிறவர் எங்கள் ஜில்லாவில் கிடையாது.

முதல் உளுந்து வந்தது. அத்தை முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி ரோட்டைப் பார்த்தாள். நறநறவென்று காய் நொறுங்கியது, கார் தாண்டிவிட்டது. பெண்கள் கையாட்டினார்கள். அடுத்த ஊரில் இன்னும் கனமாகப் பரப்பியிருந்தது. அங்கும் அத்தை எட்டிப் பார்த்தாள், அங்கும் கார் தாண்டிவிட்டது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் என நினைத்து, நானும் என் பங்குக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னேன். தஞ்சாவூர் தாண்டியதும் ரோட்டில் உளுந்தே இல்லை. அத்தை சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திருச்சிவரை திறக்கவில்லை.

விமான நிலைய வாசலில் அப்பா காத்திருந்தார். காரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இப்போதுதான் வண்டி வண்டி மாதிரி இருக்கிறது என்று மாமாவின் தோளில் தட்டினார். அவர் மாமாவைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போனார். அத்தை என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து, ஈரக் கண்ணோடு மாமாவைப் பார்த்தாள்.

"ஒரு இடத்துலகூட நிக்காமக் கொண்டாந்து விட்டுட்டீங்க" என்றாள்.

"நேரம் இன்னும் நிறைய இருக்கு" என்றார் மாமா.

அவள் உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். அதற்கப்புறம் அவள் ஊருக்கு வந்தது தன் கல்யாணத்துக்குத்தான். மாப்பிள்ளை அங்கேயே வேலை பார்த்தவர். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும், அம்மா மாமாவை விடாமல் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் மாமாவிடம் நல்லவிதமாக நடந்துகொள்கிற அந்த நேரத்தில், என் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அத்தை மாமாவைப் பாராட்டினாள் என்று சொல்லி, அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். எப்படிச் சொன்னாள், சிரித்துக்கொண்டா என்று கேட்டாள். இல்லை, அழுதுகொண்டு என்றேன். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வழியில நின்னு போகட்டும்னுதானே அந்தக் காரக் கேட்டிருக்கா" என்றாள்.

அப்பாவின் கை சோற்றிலேயே இருந்தது. மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மா கார்மேல் ஏதோ பழி சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. மாமா மேல் எனக்கிருந்த பிரியத்துக்கு அதைச் சும்மா விட முடியுமா? நான் பக்கத்திலேயே உட்கார்ந்து போனவள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். கார் எங்கேயுமே நிற்கவில்லை, அவ்வளவு உளுந்து மேல்கூட நிற்கவில்லை, வேண்டுமானால் மாமாவையே கேள் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஆமாம் என்று சொல்லுவார் என்று மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.